இரண்டு தீபாவளிகள்

1986 நவம்பர் 1, தீபாவளி. சூளைமேட்டில் தங்கியிருந்த ஈழப் போராளிகள் சிலருக்கும் தெருக்காரர்களுக்கும் இடையே மூண்ட தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அந்தப் பகுதி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இன்னும் சிலர் காயமடைந்தார்கள்.

1987 அக்டோபர் 21, அதுவும் தீபாவளி. இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். அன்று பிற்பகல் தொடங்கி மறுநாள் வரை நீண்ட சூட்டில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், சிற்றூழியர் என்று அறுபது எழுபது பேர் கொல்லப்பட்டார்கள்.

முதல் சம்பவத்தில் சுட்டவர்கள், இந்திய அரசு இடமும் பயிற்சியும் கொடுத்து வைத்திருந்த இயக்கங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். இரண்டாவதில் சுட்டது இந்திய அரசின் படையேதான். முதல் சாவு சென்னைத் தெருவில். அடுத்த சாவுகள் பாக் நீரிணைக்கு அப்பால். இரண்டுக்கும் கொழும்பு பொறுப்பில்லை. ஈழத்தமிழருக்கு நீதி வேண்டும் என்று சென்னையில் குரல் எழும்போதெல்லாம் இந்த இரண்டு தீபாவளிகளும் அந்தக் குரலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

அந்தக் குரலில் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2009இல் போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. போர் நடந்துகொண்டிருந்த 2009 ஜனவரி 29 அன்று நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டார். 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் சில நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வள்ளுவர் கோட்டத்தில் எழுந்த முழக்கங்களுக்குக் கணக்கில்லை. முழங்கியவர்கள் கேட்டது நியாயம்.

இன்றும் அந்தக் கணக்கு தீர்ந்தபாடில்லை. மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற இலங்கைப் படைச் சிப்பாய் ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு அருகில் செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். அத்தோடு மண் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குப் பள்ளம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. அந்த ஆண்டு நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் குழந்தைகளும் உண்டு. ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று கிடைத்தது. மண்ணிலிருந்து எடுத்த துணிகளையும் பொருட்களையும் ஆகஸ்ட்டில் வரிசையாகப் பரப்பி வைத்து, யாராவது அடையாளம் காட்ட முடியுமா என்று மக்களை அழைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சட்டையைத் தேடிக்கொண்டு கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்து குனிந்து பார்க்கும் தாய்க்கு நிலைமாறுகால நீதி என்ற சொற்றொடர் எதையும் சொல்லாது. பிள்ளையை யார் கொண்டுபோனார்கள், யார் உத்தரவு கொடுத்தது, எங்கே புதைத்தார்கள் என்பதே அவர் கேட்பது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017இல் படங்களை ஏந்தித் தெருவில் உட்கார்ந்த பெற்றோர் பலர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள்.

ஆகவே கொழும்பிடம் கேட்பதை நிறுத்தச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. யாரிடம் கேட்கிறோம் என்ற பட்டியலை நீட்டச் சொல்லத்தான் இருக்கிறது.

சென்னைக்கு இந்தப் போர் தொலைக்காட்சிச் செய்தியாக வந்தது அல்ல. 1982 மே 19 அன்று தி. நகர் பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனும் அந்த இயக்கத்திலிருந்து பிரிந்த உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். கைது செய்யப்பட்டார்கள், ஜாமீனில் வந்தார்கள், பிறகு வழக்கைக் காற்றில் விட்டுவிட்டு இலங்கைக்குப் போனார்கள். அவர்கள் இங்கே இருந்தபோதே இலங்கை அரசு ஒப்படைக்கக் கேட்டது, நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலைப் படுகொலைக்குப் பிறகு இயக்கங்கள் இங்கே வெளிப்படையாகவே குடியேறின. அடையாறு, கோடம்பாக்கம், சாலிகிராமம், சூளைமேடு என்று தெருத் தெருவாக வாடகை வீடுகளும் அலுவலகங்களும். யார் வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓரளவு தெரியும். அன்று இந்த நகரம் அவர்களுக்குக் காட்டிய அன்பு உண்மையானது. தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே பலரும் அவர்களை நினைத்தார்கள். அந்த அன்பே கேள்வி கேட்கவிடாமல் வாயைக் கட்டியும் போட்டது.

சூளைமேட்டுச் சாவு நடந்து ஒரு வாரத்தில், 1986 நவம்பர் 8 அன்று, காவல்துறை அதிகாரி கே. மோகன்தாஸின் தலைமையில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தி இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். பெங்களூரில் நடக்கவிருந்த சார்க் மாநாடும் அதற்கு ஒரு காரணம். அந்த மாதக் கடைசியில் புலிகளின் தகவல் தொடர்புக் கருவிகளும் பறிக்கப்பட்டன. பிரபாகரன் அடையாறில் உண்ணாவிரதம் இருந்தார். எம்.ஜி.ஆர். தலையிட்டுக் கருவிகளைத் திருப்பித் தரச் செய்தார். வரலாற்றில் இடம்பிடித்தது அந்த உண்ணாவிரதம்தான். சூளைமேட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டை யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ளவில்லை.

வழக்கு என்று ஒன்று பதிவாகத்தான் செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்போது ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா. ஜாமீனில் வந்தார், இலங்கை திரும்பினார், கட்சி கண்டார், நாடாளுமன்ற உறுப்பினரானார், அமைச்சரானார். சென்னை நீதிமன்றம் 1994இல் அவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. 2010 ஜூனில் அதிபர் மகிந்த ராஜபக்சவுடன் அமைச்சராக அவர் டெல்லிக்கு வந்தபோது அரசு மரியாதையோடு வரவேற்கப்பட்டார். அவரைக் கைது செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அவரோ விமானம் ஏறிப் போய்விட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் நிரூபிக்கவோ மறுக்கவோ ஒரு விசாரணையை முழுதாக நடத்தி முடிக்கும் கடமை யாருக்கு இருந்தது? இந்தியாவுக்கு. நீதிமன்றம் தேடுகிற ஒருவர் தலைநகருக்கே வந்து விருந்தினராகத் திரும்பிப் போகும்போது, செத்தவரின் குடும்பத்துக்கு அரசு என்ன சொல்கிறது? உங்கள் சாவைவிட எங்கள் உறவு பெரிது என்று சொல்கிறது. கொழும்பு தன் தமிழ்க் குடிமக்களிடம் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

அது அங்கேயே நிற்கவில்லை. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். பொதுச்செயலாளர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றது புலிகள். வந்த குழுவில் இருந்த சிவராசன் பிடிபடாமல் கடல் தாண்டினார். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நின்றார். பத்மநாபாவோடு செத்தவர்களும் ஈழத்தமிழர்கள்தான். ஆண்டுதோறும் மே மாதம் மெழுகுவர்த்தி ஏந்தும் இந்த நகரத்தில் ஜூன் 19 பெரும்பாலும் ஓசையின்றிக் கடக்கிறது. 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்களைப் பற்றியும் இங்கே அதிகம் பேசுவதில்லை. யார் கொன்றார்கள் என்று பார்த்துவிட்டு அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பழக்கம் அரசுகளுக்கு மட்டும் உள்ளதல்ல.

யாழ்ப்பாணம் மருத்துவமனைக்கு வருவோம். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் காக்கப் போன படை, அக்டோபர் இரண்டாவது வாரத்தில் புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. நகரம் முழுக்க ஷெல் அடி. ஓடி வந்தவர்களுக்கு மருத்துவமனை ஒன்றே அடைக்கலம். புலிகள் சிலர் அதற்கு முன் உள்ளே வந்ததையும், மருத்துவர்கள் அவர்களை வெளியேறச் சொன்னதையும் ‘முறிந்த பனை’ நூல் பதிவு செய்திருக்கிறது. அந்த நூலை எழுதியவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். புலிகளிடமிருந்து தாக்கு வந்ததால் சுட்டோம், இருதரப்புச் சண்டையில் மாட்டிக்கொண்டு செத்தார்கள் என்பது இந்தியப் படைத்தரப்பின் விளக்கம்.

இந்த விளக்கம் முதல் சில நிமிடங்களுக்குப் பொருந்தலாம். மறுநாள் காலைக்கு அது பொருந்தாது. இரவெல்லாம் பிணங்களுக்கு நடுவே பிணம் போலக் கிடந்து பிழைத்தவர்கள் சொன்ன சாட்சியம் இது: காலையில் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியர் சிலரோடு கைகளை உயர்த்திக்கொண்டு நடைவழியில் வந்தார். நாங்கள் சரணடைகிறோம், ஒன்றும் அறியாத மருத்துவர்களும் தாதியரும்தான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். சுட்டார்கள். அவர் விழுந்தார். மருத்துவர்கள் பரிமேலழகரும் கணேஷரத்தினமும் அதற்கு முன்பே இறந்திருந்தார்கள். ஊழியர்களில் மட்டும் 21 பேர். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று அந்த மருத்துவமனையில் இவர்களுடைய படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள். படங்களில் இருப்பவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறை மருத்துவர்கள் இப்போது அங்கே வேலை பார்க்கிறார்கள்.

‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படை செய்ததையும் எழுதினார், புலிகள் செய்ததையும் எழுதினார். புலிகளே அவரைக் கொன்றதாக அவருடைய சகாக்கள் சொல்லிவருகிறார்கள். எல்லாத் தரப்பிடமும் கணக்குக் கேட்டவருக்கு எந்தத் தரப்பும் காவல் இல்லை.

1989 ஆகஸ்ட் 2 முதல் 4 வரை வல்வெட்டித்துறை. புலிகளின் தாக்குதலில் இந்தியப் படையினர் ஆறு பேர் இறந்ததும், அதற்குப் பழிவாங்கலாக அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்ப் பிரஜைகள் குழு வீடு வீடாகப் போய்ச் சத்தியக் கடுதாசி வாங்கியது. அந்த ஆண்டே அது பம்பாயில் நூலாக வந்தது. முன்னுரை எழுதியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். 1998இல் அவரே பாதுகாப்பு அமைச்சரானார். 2001இல் சில மாதங்கள் நீங்கலாக 2004 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்தியப் படையின் மீது இத்தனை கடுமையான புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய ஒருவர் அந்தப் படைக்கே அமைச்சராக வந்தும் பொது விசாரணை ஒன்று வரவில்லை. ஆகவே இதைத் தனிமனிதரின் மனசாட்சி பற்றிய கேள்வியாகச் சுருக்க முடியாது. படை செய்ததைப் படையே பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டை எந்த அரசு வந்தாலும் அசைக்கவில்லை.

அமைதி காக்கும் படையில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். எதற்காக அனுப்பப்பட்டோம், யாரைக் காக்க வந்தோம் என்பது புரியாமலே செத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிப் பிரிவு புறப்பட்டுச் சென்னைத் துறைமுகம் வந்தபோது முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்ற அந்த முடிவு இன்றும் பாராட்டாகவும் ஏச்சாகவும் பேசப்படுகிறது. அது ஓர் அறிவிப்பு மட்டுமே என்பதுதான் குறை. வரவேற்க மறுத்தவர் விசாரணை கேட்டிருக்கலாம். வரவேற்கப் போனவர்களும் கேட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்துத் தாதிக்கும் பஞ்சாபிலிருந்து போன சிப்பாயின் மனைவிக்கும் ஒரே கோப்பில்தான் பதில் இருக்கிறது.

இந்தியா செய்ததைப் பேசினால் இலங்கை அரசுக்குத் தப்பிக்க வழி கொடுத்ததாகாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஆகாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததும் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நடந்ததும் அளவில் ஒன்றல்ல. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்கவும் முடியாது. ஆனால் ஜெனீவாவில் நடந்ததைப் பாருங்கள். ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா 2012லும் 2013லும் ஆதரித்தது. 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இதற்கு ராஜதந்திரக் காரணங்கள் பல இருக்கும். பன்னாட்டு விசாரணை என்ற கதவு அகலத் திறந்தால் 1987 முதல் 1990 வரையிலான ஆண்டுகளும் அதன் வழியே உள்ளே வரலாம் என்ற தயக்கம் அதில் சேராமலா இருக்கும்? தன் கணக்கை மூடி வைத்திருக்கும் அரசு, அடுத்த அரசின் கணக்கைத் திறக்கச் சொல்லும்போது குரல் எழும்பாது.

தன் படையை விசாரித்த அரசுகள் உலகில் இல்லாமல் இல்லை. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரியில் பேரணி போனவர்களைப் பிரிட்டிஷ் படை சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள், காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அந்த ஆண்டே அவசரமாக நடந்த விசாரணை படையைக் காப்பாற்றியது. குடும்பங்கள் விடவில்லை. 1998இல் சாவில் பிரபு தலைமையில் புதிய விசாரணை. அறிக்கை வந்தது 2010 ஜூன் 15. அன்று நகர மண்டபத்துக்குள் குடும்பத்தினர் முதலில் அறிக்கையைப் படித்தார்கள். வெளியே திடலில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் மண்டபத்து ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டியது. செத்தவர்கள் யாரும் படைக்கு ஆபத்தாக இருக்கவில்லை என்று அரசின் அறிக்கையே சொல்லியிருந்தது. பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததை நியாயப்படுத்தவே முடியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒரு சிப்பாய்கூடத் தண்டிக்கப்படவில்லை. வழக்குக்கு வந்த ஒருவரும் 2025இல் விடுதலையானார். அந்த வகையில் நீதி பாதியில் நின்றது. ஆனால் பொய் போயிற்று. சுட்டுக் கொன்றுவிட்டு, துப்பாக்கி வைத்திருந்தான், குண்டு வைத்திருந்தான் என்று பிள்ளைகள் மேல் பூசிய கரியைக் குடும்பங்களால் துடைக்க முடிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. மணிப்பூரில் படையினரும் காவல்துறையினரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதாகச் சொல்லப்படும் 1,528 பேர் பற்றிய மனுவை விதவைகளும் தாய்மார்களும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். படைக்கு முழு விலக்கு என்று எதுவும் கிடையாது என்று 2016இல் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலேயே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே அன்றைய அரசுத் தரப்பு சாதித்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் நேரிலேயே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. சாதாரணக் கூலிக்காரப் பெண்கள் முப்பத்தோரு ஆண்டுகள் சாட்சியத்தை மாற்றாமல் நின்றதால் கிடைத்தது அது. அரசைப் பதில் சொல்ல வைப்பது எப்படி என்று சென்னை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அரசுக்குத் தானாக அந்த மனம் வருவதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2011லும் 2013லும் இலங்கை அரசின் மீது நடவடிக்கை கோரித் தீர்மானம் போட்டது. 2013 தீர்மானம் ஈழத்தமிழரிடையே பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றுகூடச் சொன்னது. நான்கே ஆண்டுகளில், அதே கட்சியின் ஆட்சியில், 2017 மே 21 அன்று முள்ளிவாய்க்கால் நினைவாக மெரினாவில் மெழுகுவர்த்தி ஏந்த வந்த திருமுருகன் காந்தி உள்ளிட்ட நான்கு பேர் கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. செத்தவர்களுக்காகச் சட்டமன்றத்துக்குள் தீர்மானம் போடலாம். அதே கடற்கரைச் சாலையில் கொஞ்சம் தள்ளி மணலில் விளக்கேற்றினால் குண்டர். தீர்மானங்களால் அரசுக்குச் செலவு எதுவும் இல்லை என்பதால்தான் அவை ஏகமனதாக நிறைவேறுகின்றன என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

செலவு வைக்கும் கேள்விகளுக்கு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை மறுக்கச் சில காரணங்களே மிஞ்சுகின்றன. நாட்டின் பாதுகாப்பும் வெளியுறவும் அவற்றில் சேரும் என்பது உண்மைதான். அதைச் சொல்லி மறுத்தால் மேல்முறையீட்டில் வாதாடலாம், 1987இல் ஒரு மருத்துவமனை வார்டில் நடந்தது இன்று எந்தப் பாதுகாப்பைக் குலைக்கும் என்று கேட்கலாம். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்த கொள்கையின்படி போர், படை நடவடிக்கை சார்ந்த ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுக்குள் ரகசியம் நீங்க வேண்டும். அமைதிப் படை திரும்பியதிலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2015லேயே முடிந்துவிட்டது.

மக்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் 39 பேர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் மருத்துவமனையிலும் வல்வெட்டித்துறையிலும் நடந்தவை பற்றிப் படை தனக்குள் விசாரணை நடத்தியதா, நடத்தியிருந்தால் அந்தக் கோப்பு இப்போது எங்கே, 25 ஆண்டு விதி அதற்குப் பொருந்துமா என்று அவர்களில் எவரும் கேட்கலாம். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக அது ஏற்கப்பட்டு அன்றைய கேள்வி நேரத்தில் அதன் முறை வந்தால், பாதுகாப்பு அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம்.